கேட்டில் நிற்கிறவனும் கறுப்பன்தான்

2025ஆம் வருஷம். தென்னாப்பிரிக்கா, ஜோகன்னஸ்பர்க். அரசாங்க கிளினிக் கேட்டில் ஒரு கூட்டம் நிற்கிறது. போலீசும் இல்லை, ஆஸ்பத்திரி ஊழியரும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை மறித்து 'கார்டு எங்க?' என்கிறது. இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். இந்தக் கூட்டத்துக்குப் பேர் ஆபரேஷன் துதுலா. ஜூலு மொழியில் துதுலா என்றால் தள்ளி விரட்டுவது. 2021இல் சோவெட்டோவில் முளைத்தது. ஆமாம், 1976இல் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை அரசின் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றார்களே, அதே சோவெட்டோ.

தள்ளப்படுகிறவள் மொசாம்பிக்காரி, ஜிம்பாப்வேக்காரி. தள்ளுகிறவனும் கறுப்பன். நம் தோழர்கள் சிலரே இதைக் கேட்டுவிட்டு, "அவன் சொல்றதும் நியாயந்தான? அவனுக்கே வேல இல்ல, மருந்து இல்ல. வந்தவனுக்கு எங்க இருந்து குடுப்பான்?" என்கிறார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், யார் வந்தவன்?

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மொசாம்பிக் ஆண்கள் இறங்கியிருக்கிறார்கள். 1928இல் போர்ச்சுகீசிய அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். கூலியில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, ஊர் திரும்பின பிறகுதான் தருவார்கள். அந்தப் பங்கு போர்ச்சுகீசியனுக்குத் தங்கமாகப் போகும், தொழிலாளிக்கு உள்ளூர்க் காசாக வரும். நுரையீரலில் படிந்த கல்தூசி மட்டும் முழுசாக அவனுக்கே. அந்தத் தூசிக்கு நஷ்டஈடு கொடுக்கும் உடன்பாட்டை 2019இல்தான் நீதிமன்றம் ஏற்றது. அதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் போர். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ரெனாமோ படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்தது பிரிட்டோரியாவின் வெள்ளை அரசு. தீ வைத்தவன் வீட்டு வாசலுக்கே ஓடிவந்தார்கள், தீக்குத் தப்பியவர்கள். குரூகர் காட்டைச் சிங்கங்களுக்கு நடுவே நடந்து கடந்தார்கள். வெள்ளை அரசு அவர்களை அகதி என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை. இடம் கொடுத்தது கசன்குலு, கறுப்பர்களை அடைத்துவைக்க வெள்ளையன் வரைந்த 'தாயகங்களில்' ஒன்று. மொழி ஒன்று, சொந்தமும் உண்டு. சேரியில்தான் சேரிக்கு இடம் கிடைக்கும்.

அங்கே இருபது வருஷம் வாழ்ந்து, நிரந்தரமாக வசிக்க அனுமதிச் சீட்டும் வாங்கினவர்கள், முதியோர் பென்ஷனும் குழந்தை உதவித்தொகையும் கேட்டுப் போனபோது 'நீ குடிமகன் இல்லை' என்று விரட்டப்பட்டார்கள். 1992ஆம் வருஷச் சட்டம் அப்படி. தாயின் தாளைப் பார்த்து, பிள்ளையின் பாலை நிறுத்தினார்கள். பிறப்பை வைத்துத் தட்டைப் பிடுங்குவதற்கு நம்மூரில் என்ன பெயர் என்று இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. 2004 மார்ச்சில் தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இவோன் மொகோரோ, கறுப்பினப் பெண். அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு 'குடிமக்கள்' என்று சொல்லவில்லை, 'ஒவ்வொருவருக்கும்' என்கிறது என்றார். அரசு பழைய பாட்டையே பாடியது: காசு இல்லை, கஜானா தாங்காது. நீதிமன்றம் கணக்கைப் பார்த்தது. உதவித்தொகைச் செலவில் கூடுவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை! இந்த இரண்டுக்குத்தான் அவ்வளவு கூச்சல்.

ஆனால் தீர்ப்பைத் தலையில் வைத்துக் கூத்தாட நான் தயாரில்லை. நிரந்தர அனுமதி உள்ளவன் வரைக்கும்தான் அது போனது. சீட்டே இல்லாத பண்ணைக் கூலி கேட்டுக்கு வெளியேதான் நின்றான்.

இந்தக் கேட்டின் வரலாறு தெரிந்தால் துதுலாக்காரனுக்கே கை கூசும். தென்னாப்பிரிக்காவில் முதியோர் பென்ஷன் 1928இல் வந்தது. வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் மட்டும். கறுப்பருக்கும் இந்தியருக்கும் 1944இல். அதுவும் தோல் நிறத்துக்கு ஏற்ற தொகை. வெள்ளையனுக்கு மேல்தட்டு, கறுப்பனுக்கு அடித்தட்டு. சமமாக்கியது 1993இல். 1970இல் ஒரு சட்டம் போட்டு, நீ தென்னாப்பிரிக்கனே இல்லை, 'தாயகத்தான்' என்று சொந்த மண்ணிலேயே கறுப்பனை அந்நியனாக்கினார்கள். நம் ஆட்களுக்கும் இதில் பங்குண்டு. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் போனது. பின்னால் வட ஆற்காட்டிலிருந்து போன கரும்புக் கூலிகளில் நம் சனம் கொஞ்சமா நஞ்சமா? அவர்கள் பிள்ளைகளை நிரந்தரக் குடிகள் என்று அரசு ஒப்புக்கொண்டது 1961இல். நூறு வருஷம் 'வந்தவன்'!

எங்கள் ஆயா முதியோர் பென்ஷனுக்கு மூன்று வருஷம் அலைந்தாள். வயசுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார் குமாஸ்தா. "எம் மூஞ்சியப் பாத்தா தெரியல?" என்றாள். கடைசி வரை கிடைக்கவில்லை. தாள் கேட்கிறவன் குரல் எந்த மொழியில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

2023 ஏப்ரலில் நீதிமன்றம் மறுபடி சொன்னது: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் எந்த நாட்டவரானாலும், தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவச வைத்தியம். 2025 நவம்பரில் துதுலாவுக்குத் தடை போட்டது: யாரிடமும் அடையாள அட்டை கேட்க உனக்கு அதிகாரமில்லை, ஆஸ்பத்திரியையும் பள்ளியையும் மறிக்காதே. நல்லது. ஆனால் கேட்டில் நின்றவன் தானாக முளைத்தானா? 2022இல், அதே மொசாம்பிக் அகதிகள் வாழும் லிம்போபோ மாகாணத்தின் சுகாதார அமைச்சர், தானே ஒரு டாக்டர், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த ஜிம்பாப்வேப் பெண்ணிடம் நின்றுகொண்டு, உன்னால்தான் எங்கள் பட்ஜெட் சாகிறது என்று பேசினார். அது வீடியோவாக நாடெங்கும் ஓடியது. கைதட்டினவர்கள் நிறைய. 2024இல் அந்த அம்மா அந்த மாகாணத்துக்கே முதல்வர் ஆனார்.