வேவுக்குக் கணக்கு கேட்டவர்

இல்லாத ரகசியத்தை விற்க முடியுமா? 1994ல் திருவனந்தபுரத்தில் முடியும் என்றது போலீஸ். விசா முடிந்தும் தங்கியதாக அக்டோபர் 20ல் மாலத்தீவுப் பெண் மரியம் ரஷீதா கைதானார். நவம்பர் 30ல் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன். ராக்கெட் எஞ்சின் ரகசியங்கள் பாகிஸ்தானுக்குப் போயின என்பது குற்றச்சாட்டு. வேடிக்கை என்னவென்றால், அதில் பேசப்பட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அப்போது இந்தியாவிடமே இல்லை. தருவதாகச் சொன்ன ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியால் 1993ல் பின்வாங்கியிருந்தது.

கேரள போலீசோடு மத்திய உளவுத்துறையான ஐ.பி.யும் விசாரித்தது. பத்திரிகைகள் அந்தரங்கக் கதைகளைக் கடை விரித்தன. 1995 மார்ச்சில் முதல்வர் கருணாகரனின் நாற்காலியும் போனது. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996ல் சி.பி.ஐ. கைவிரித்தது. மாநில அரசோ மறுபடி விசாரிக்கக் கிளம்பியது. 1998ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஐம்பது நாள் சிறையிலிருந்த நம்பி, விட்டது தொல்லை என்று ஒதுங்கியிருக்கலாம். இந்த நாகர்கோவில் தமிழர் ஒதுங்கவில்லை. 'இதைச் செய்தது யார்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 செப்டம்பர் 14ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே.ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. 2021ல் மீண்டும் சி.பி.ஐ. விசாரணை. 2024ல் முன்னாள் அதிகாரிகள் ஐவர் மீது குற்றப்பத்திரிகை. குற்றப்பத்திரிகை தீர்ப்பாகிவிடாது, ஆனால் கேள்வி கேட்டவர்களே பதில் சொல்லவேண்டிய நிலை வந்தது.

இதற்கு 30 ஆண்டுகள் தேவைப்பட்டது ஏன்? ஐ.பி.க்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. 2005ன் தகவல் உரிமைச் சட்டம் அதற்கு விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டுமே ஜன்னல். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் டெலிபோன் ஒட்டுக்கேட்புக்கு 1996ல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. அந்தக் கடிவாளமும் அதிகாரிகளின் கையில்தான்: அனுமதிப்பது உள்துறைச் செயலாளர், பரிசீலிப்பதும் செயலாளர்கள் குழு.

தேசத்துக்கு உளவு வேண்டும். அதற்கு ஒரு மேற்பார்வையும் வேண்டும். நம்பிக்குக் கல்வி இருந்தது, பெயர் இருந்தது, பிடிவாதம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அந்த மாலத்தீவுப் பெண்ணைப் போன்றவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? இழப்பீடு அரசு கஜானாவிலிருந்து, அதாவது உங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறது. எனவே கணக்கு கேட்கும் உரிமை நம்பிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உண்டு.