பாகிஸ்தான்: விடுதலை கிடைத்தும் வீடு திரும்ப முடியாதவர்கள்

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள ஜரன்வாலா நகரில் 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆம் தேதி இருபதுக்கும் அதிகமான தேவாலயங்கள் தாக்கப்பட்டன. கிறிஸ்தவர்கள் இருவர் குரானை அவமதித்ததாகப் பரவிய செய்தியும், அதையடுத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் விடுக்கப்பட்ட அழைப்பும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. வீடுகளை விட்டு ஓடிய குடும்பங்கள் பல, கரும்புத் தோட்டங்களில் இரவைக் கழித்தன. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எரிந்த தேவாலயத்தின் வெளியே தெருவிலேயே வழிபாடு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் தனிப்பட்ட பகையால் சிக்கவைக்கப்பட்டவர்கள் என்று பின்னர் தெரியவந்தது. 2024 இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இத்தகைய சம்பவங்களுக்கு வழிவகுப்பது அந்நாட்டின் மத நிந்தனைச் சட்டமே என்று மனித உரிமை அமைப்புகள் நீண்டகாலமாகக் கூறி வருகின்றன. ஜெனரல் ஸியா உல் ஹக்கின் ஆட்சியில், குரானை அவமதிப்பதற்கு ஆயுள் தண்டனை 1982 இலும், இறைத்தூதரை நிந்திப்பதற்கு மரண தண்டனை 1986 இலும் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. நிந்திக்கும் நோக்கம் இருந்ததா என்பதை நிரூபிக்குமாறு இரண்டாவது பிரிவு கோரவில்லை. சொன்னதாகக் கூறப்படும் வார்த்தைகளை நீதிமன்றத்தில் திருப்பிச் சொல்வதே நிந்தனையாகிவிடும் என்ற அச்சம் நிலவுவதால், சாட்சியத்தைச் சோதிப்பதும் கடினமாகிறது. இச்சட்டத்தின் கீழ் அரசு இதுவரை எவரையும் தூக்கிலிட்டதில்லை. பல கொலைகளைக் கும்பல்கள் செய்திருக்கின்றன.

வழக்குகளில் சிக்கியவர்களில் முஸ்லிம்களே அதிகம் என்பது உண்மை. ஆயினும், 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1.37 சதவீதமே உள்ள கிறிஸ்தவர்கள், தமது எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் இவ்வழக்குகளில் இடம்பெறுகின்றனர். இதற்கான காரணத்தை மதத்தில் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். பஞ்சாபிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் மதம் மாறிய, துப்புரவுத் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினரின் வழித்தோன்றல்கள். தமிழர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. துப்புரவுப் பணிக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு அலுவலகங்களே விளம்பரம் செய்துவந்த நாடு அது.

ஆசியா பீபியின் வழக்கும் ஒரு குவளைத் தண்ணீரில்தான் தொடங்கியது. 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம், தோட்டத்தில் பழம் பறித்துக் கொண்டிருந்த அவர் தொட்ட குவளையில் தாங்கள் குடிக்க முடியாது என்று உடன் வேலை செய்த பெண்கள் மறுத்தனர். வாக்குவாதம் முற்றியது. சில நாட்களில் அது மத நிந்தனைப் புகாராக மாறியது. 2010 இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மதம் மாறினால் தப்பிக்கலாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், அதைத் தாம் ஏற்கவில்லை என்றும் அவர் பின்னர் கூறியிருக்கிறார்.

அவருக்காகக் குரல் கொடுத்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர், 2011 ஜனவரி 4 ஆம் தேதி தமது மெய்க்காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஒரு முஸ்லிம் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. இரு மாதங்களில், அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவரான சிறுபான்மையினர் விவகார அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். 2018 அக்டோபர் 31 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆசியா பீபியை விடுதலை செய்தபோது, அவரது முஸ்லிம் வழக்கறிஞர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டு மே மாதம் ஆசியா பீபியும் கனடா சென்றார். நிரபராதி என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும், சொந்த ஊருக்கு அவரால் திரும்ப முடியவில்லை.

வெளியேற வழி உள்ளவர்களுக்கும் அடைக்கலம் உறுதியல்ல. பாகிஸ்தானிலிருந்து தப்பி இலங்கையின் நீர்கொழும்பில் தஞ்சமடைந்திருந்த அகமதியாக்களும் கிறிஸ்தவர்களும், 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டனர். தேவாலயத்தைத் தாக்கியவர்கள் மீதான கோபம், தேவாலயத்துக்குச் செல்வதற்காகவே ஊரை இழந்தவர்கள் மீதும் விழுந்தது.

ஆனால் பெரும்பான்மையினருக்குக் கனடாவும் இல்லை, நீர்கொழும்பும் இல்லை. கிறிஸ்தவர் என்பதைக் காட்டிக்கொடுக்கும் 'மசீஹ்' என்ற பெயரோடு அவர்கள் செங்கல் சூளைகளிலும் சாக்கடைகளிலும் வேலை செய்கின்றனர்; அக்கம்பக்கத்தாருடன் மத விஷயம் பேசாதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குகின்றனர்; ஞாயிறுதோறும், ஆயுதமேந்திய காவலர் நிற்கும் வாசலைக் கடந்து வழிபாட்டுக்குச் செல்கின்றனர். விசுவாசம் என்பது அங்கு பெரும்பாலும் இந்த அன்றாட எச்சரிக்கையோடு கூடிய பிடிவாதம்தான்.

திருச்சபைத் தலைவர்களின் பேச்சிலும் அந்த எச்சரிக்கை தெரிகிறது. சட்டத்தை நீக்கக் கோருவதே நிந்தனையாகக் கருதப்படும் சூழலில், அதன் துஷ்பிரயோகத்தைத் தடுக்க வேண்டும் என்பதோடு அவர்கள் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கின்றனர். முன்னர் அப்படி நிறுத்திக்கொள்ளாத ஒருவர் ஃபைசலாபாத் ஆயர் ஜான் ஜோசப். கிறிஸ்தவர் ஒருவருக்கு மத நிந்தனை வழக்கில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை எதிர்த்து, 1998 மே 6 ஆம் தேதி, சாஹிவால் நீதிமன்றத்தின் முன்பாக அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிரிழந்தார். அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2002 இல் ரத்து செய்தது. அதே சாஹிவாலில், ஜரன்வாலா சம்பவத்தோடு தொடர்புடைய படங்களைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்காக, 2024 ஜூலையில் மற்றொரு கிறிஸ்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.