கல்வி பற்றிய ஆங்கிலத் தொடர்களும் மரபும்

சொற்களைக் கற்றால் மொழியைக் கற்றவராவோம் என்று கருதுவார் நம்மிடையே பலர். அகராதியைப் புரட்டி நாள்தோறும் பத்துச் சொற்களை நெட்டுருச் செய்யும் மாணாக்கரை எந்தக் கலாசாலை விடுதியிலும் காணலாம். அவர்தம் ஊக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், சொற்கள் தனித்து வாழ்வன அல்ல. தத்தமக்குரிய துணையோடு கூடியே வாழ்வன. துணையை அறியாது சொல்லை மட்டும் அறிந்தவர் பேசப் புகுங்கால் இடர்ப்படுவர். கல்வியைக் குறித்து நாடோறும் வழங்கும் ஆங்கிலத் தொடர்களைக் கொண்டே இதனை விளக்கப் புகுகின்றோம்.

பரீட்சையை நாம் எழுதுகின்றோம். இங்கிலாந்திலோ மாணாக்கர் அதனை எடுப்பர், அன்றி அமர்வர். 'டேக் அன் எக்ஸாம்', 'சிட் அன் எக்ஸாம்' என்பன அந்நாட்டு வழக்கு. இந்தி பேசுவோர் தம் தாய்மொழியை ஒட்டிப் பரீட்சையைக் 'கிவ்', அதாவது கொடுத்தேன், என்பதுண்டு. ஆங்கிலேயர் செவிக்கோ அது ஆசிரியர் தொழிலாகத் தோன்றும். வீட்டுப்பாடத்துக்கு உரிய வினை 'டூ'. பிழைக்கும் முன்னேற்றத்துக்கும் உரிய வினை 'மேக்'. இரண்டிற்கும் 'செய்' என்றே பொருள் எழுதிவைத்த மாணாக்கன் எதனை எங்கு இடுவதென மயங்குவான். கலாசாலைப் படிப்பை முடித்தமையை நம்மவர் 'பாஸ் அவுட்' என்பர். இங்கிலாந்தில் அத்தொடர் படைப்பயிற்சி முடித்து வெளிவருதலையும், மூர்ச்சித்து விழுதலையுமே குறிக்கும். பட்டம் பெற்ற களிப்பை ஒருவன் கூற, அவன் மயங்கி விழுந்தான் போலும் என்று கேட்போர் இரங்குவாராயின், குறை எச்சொல்லில் உளது? இரு சொற்களும் அவன் நன்கறிந்தவையே. அவற்றின் சேர்க்கையை அவன் அறிந்திலன்.

இச்சேர்க்கைகளுக்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வகுப்புக்குச் செல்லாது திரிதலை 'ப்ளே ட்ரூயன்ட்' என்பர்; அங்கே விளையாட்டு யாதென வினவிப் பயனில்லை. உள்ளத்திற் பதியக் கற்றலை 'லேர்ன் பை ஹார்ட்' என்று அவர் இருதயத்தின் மேல் ஏற்றுவர். நாம் மனப்பாடம் என்று மனத்தின் மேல் ஏற்றுவோம். கவனத்துக்கு 'பே' என்னும் வினையை அவர் தருவர். நாமும் கட்டணத்தைச் செலுத்துவது போலவே கவனத்தையும் செலுத்துகின்றோம். ஓரிடத்தில் ஒத்தும் ஓரிடத்தில் வேறுபட்டும் செல்வதே மொழிகளின் இயல்பு.

ஆங்கில ஆசிரியரான ஹெரால்டு பாமர் 1933இல் டோக்கியோவிலிருந்து இத்தகைய சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். 1950க்குப் பின் லண்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜே. ஆர். ஃபர்த் இதனை மொழியாராய்ச்சியில் ஒரு கொள்கையாகவே நிறுவினார். 'கொலொகேஷன்' என்பது அவர்கள் வழங்கிய பெயர். தமிழ் பயில்வார்க்கு இக்கருத்துப் புதியதன்று. உயிர்களின் இளமைக்குரிய பெயர்கள் ஒன்பதைத் தொல்காப்பிய மரபியல் வகுத்து, எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியதென்று உரைக்கின்றது. யானைக்குக் கன்று, புலிக்குப் பறழ். நன்னூலார் எழுவகை வழுக்களுள் மரபு வழுவையும் ஒன்றாக எண்ணினார். பூவைக் கொய்தல், கூடையை முடைதல், சுவரை எழுப்புதல் என்று பள்ளிப் பருவத்தே நாம் பயின்ற பாடமும் இதுவே. தமிழில் இங்ஙனம் பயின்ற நாம், ஆங்கிலத்தை மட்டும் சொற்சொல்லாகப் பிய்த்துக் கற்பது ஏன்?

வழுவை வகுத்த இலக்கணம் வழுவமைதியையும் வகுத்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 'ரைட் அன் எக்ஸாம்' என்று நாம் கூறுவதை இங்கிலாந்து வழக்கன்று எனலாம். பிழையென்று இகழ்தல் தகாது. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆங்கிலம் பேசுவோர் அங்ஙனமே வழங்குகின்றனர். கிராமப் பாடசாலையிலிருந்து வந்த மாணாக்கன் ஒருவன் இத்தகைய தொடரைக் கூறக் கேட்டு வகுப்பு நகைக்குமாயின், அவன் மறுநாள் வாய் திறவான். கருத்துடையவன் ஊமையாவதினும் பெரிய இழப்புக் கல்விக்கு வேறில்லை. வினையொன்று பிறழ்ந்தமை அறிவுக் குறைவன்று, வழக்கறியாமையே. அது நகையால் நீங்காது, பயிற்சியால் நீங்கும்.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. மாணாக்கர் தம் குறிப்பேட்டில் 'எக்ஸாம்' என்று தனிச்சொல் எழுதுவதை விடுத்து, அதனோடு எடுப்பவரையும், அமைப்பவரையும், தேறுபவரையும், தவறுபவரையும் குறிக்கும் வினைகளைச் சேர்த்தே எழுதுக. ஆசிரியர் பிழையான சொல்லைச் செந்நிறத்தாற் கீறுவதோடு அமையாது, அதற்குரிய துணைச்சொல்லையும் அருகே எழுதித் தருக. இவ்விரண்டிற்கும் பொருட்செலவு இல்லை. தன் மொழியின் மரபைப் போற்றுபவன் பிறர் மொழியின் மரபையும் மதிப்பான். அம்மதிப்போடு பயில்வோமாயின் ஆங்கிலமும் நம் நாவிற்கு எளிதில் வசமாகும்.