நிற்கும் இடமும் லென்ஸின் குவியத்தூரமும்

கலைகள் பலவற்றுள்ளும் நிழற்படக் கலையே கற்றற்கு மிக எளியது என்று எண்ணுவார் பலர். விரலால் ஒரு பொத்தானை அழுத்தவல்லார் எவரும் அக்கலையில் வல்லவரே என்பது அவர்தம் துணிபு. மாணவர் சட்டைப்பைதோறும் கைபேசி வடிவில் ஒரு காமிரா குடிகொண்டிருக்கும் இந்நாளில் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றிருத்தல் வியப்பன்று. எனினும், கைபேசியோடு அமையாது தனிக்காமிரா ஒன்று வாங்கி இக்கலையை முறையாகப் பயில விரும்பும் இளைஞர் முதன்முதல் இடறி நிற்கும் இடம் ஒன்றுண்டு. கடைக்காரர் 18, 35, 50, 85, 200 என எண்களை அடுக்கி, லென்ஸுகளை வரிசையாக எடுத்து வைக்கின்றார். இளைஞர் மயங்குகின்றார். பெரிய எண்ணே சிறந்தது போலும் என்று கருதிக் கைப்பொருளையெல்லாம் நீண்ட லென்ஸ் ஒன்றிற் செலவிட்டு வீடு திரும்புகின்றார். இவ்வெண்கள் குறிப்பது யாது, தொடக்கத்தில் அவற்றுள் எதனைக் கைக்கொள்ளுதல் தகும் என்பன பற்றி எம் கருத்தினை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

லென்ஸின்மேற் பொறிக்கப்பட்ட எண் அதன் குவியத்தூரத்தை மில்லிமீட்டர் அளவிற் குறிப்பது. சூரியனைப் போன்று மிகத் தொலைவிலுள்ள பொருளினின்று வரும் ஒளிக்கதிர்களை லென்ஸ் ஒரு புள்ளியிற் குவிக்கின்றது. லென்ஸின் நடுவிடத்திற்கும் அப்புள்ளிக்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தூரம் எனப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வெயிலிற் பிடித்துக் காகிதத்தைக் கருக்கி விளையாடிய சிறுவர் அனைவரும் இதனை அளந்தறியாவிடினும் கண்டறிந்தவரே. காமிரா லென்ஸினுள் பல கண்ணாடி வில்லைகள் சேர்ந்திருத்தலால் அளக்கத் தொடங்கும் இடம் சிறிது வேறுபடும், தத்துவம் ஒன்றே. பொருளின் உயரத்தைக் குவியத்தூரத்தாற் பெருக்கிப் பொருள் நிற்கும் தூரத்தால் வகுத்தால், உள்ளே விழும் பிம்பத்தின் உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஆகவே, நின்ற இடத்தினின்று பெயராமல் 50 மில்லிமீட்டர் லென்ஸை நீக்கி 100 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தின், பிம்பம் இருமடங்காகும். பிம்பம் பெரிதாகுங்கால், அதனை ஏற்கும் சட்டம் பெரிதாவதின்று; ஆதலின் படத்துள் அடங்கும் காட்சி குறுகும். இதுவே நீண்ட லென்ஸின் இயல்பு முழுவதும்.

அச்சட்டத்தின் அளவையும் அறிதல் வேண்டும். 1925-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் லைக்கா என்னும் சிறு காமிரா உலகிற்கு அறிமுகமாயிற்று. ஆஸ்கர் பர்னாக் என்பார் அமைத்த அக்காமிராவில் ஒரு படத்தின் அளவு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமுமாம். அதன் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டருக்குச் சிறிது மிகும். மூலைவிட்டத்தை ஒட்டிய குவியத்தூரமுடைய லென்ஸை இயல்பான லென்ஸ் என்று வழங்குவர். லைக்காவிற்கு அமைந்தது 50 மில்லிமீட்டர். அவ்வளவுடைய சட்டத்தில் 28 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 75 பாகையும், 50 மில்லிமீட்டர் லென்ஸ் 47 பாகையும், 200 மில்லிமீட்டர் லென்ஸ் 12 பாகையும் காணும். இன்று மாணவர் வாங்கும் எளிய காமிராக்கள் பலவற்றில் ஒளியை ஏற்கும் சென்சார் இதனினும் சிறியது. அவற்றில் லென்ஸின் எண்ணை ஒன்றரையாற் பெருக்கிக் கொண்டால் பழைய கணக்கோடு ஒப்பிடலாம். அங்கு 50 என்பது 75 போலவும், 35 என்பது ஏறத்தாழ 50 போலவும் காட்சி தரும். லென்ஸின் குவியத்தூரம் மாறுவதின்று. ஓரம் வெட்டுண்ட காட்சியே நமக்குக் கிட்டுகின்றது.

இதுகாறும் கூறியன பௌதிக வகுப்பிற் கேட்கத்தக்கன. இனிக் கூறப்புகுவது பலரும் பிறழ உணர்ந்திருக்கும் ஒன்று. நீண்ட லென்ஸ் தொலைவிலுள்ளவற்றை நெருக்கிக் காட்டும் என்றும், குறுகிய லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும் என்றும் நூல்கள் பலவும் கூறுகின்றன. இக்கூற்றுப் பாதியே உண்மை. படத்தில் அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஒன்றற்கொன்று எவ்வளவினவாய்த் தோன்றும் என்பதனை உறுதி செய்வது லென்ஸ் அன்று. படமெடுப்பவர் நிற்கும் இடமே. லென்ஸ் செய்வது, அவ்விடத்தினின்று காணும் காட்சியில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். 1.7 மீட்டர் உயரமுள்ள மாணவர் ஒருவர் நிற்க, அவருக்கு 50 மீட்டர் பின்னே 30 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டு ஒன்று நிற்பதாகக் கொள்வோம். மாணவருக்கு 5 மீட்டர் முன்னே நின்று 50 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தால், அவர் பிம்பம் 17 மில்லிமீட்டர். மணிக்கூண்டின் பிம்பம் 27 மில்லிமீட்டர். காமிராவை நெடுக்கில் திருப்பிப் பிடித்தால் இரண்டின் உயரமும் சட்டத்தின் நீளத்திற்கு மிகாது. இனி, மாணவருக்கு 20 மீட்டர்த் தொலைவிற்குப் பின்சென்று 200 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தால், மாணவர் முன்போலவே 17 மில்லிமீட்டர். மணிக்கூண்டோ 85 மில்லிமீட்டருக்கும் மேலாகிச் சட்டத்திற்கு அடங்காது, அவர் முதுகிற்குப் பின் மதில்போல் எழுந்து நிற்கும். மாணவர் வளரவில்லை, கூண்டும் நகரவில்லை. நாம் பின்சென்றோம், அவ்வளவே. ஐயுறுவார், ஒரே இடத்தில் நின்று 18 மில்லிமீட்டரில் ஒன்றும் 55 மில்லிமீட்டரில் ஒன்றுமாக இருபடங்கள் எடுத்து, முன்னதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பின்னதனோடு ஒப்பிடுக. தெளிவிற் குறையுமேயன்றி, பொருள்களின் அளவொப்பில் அணுவளவும் வேறுபாடு காணார்.

கைபேசியைக் கைந்நீட்டிப் பிடித்துத் தம்மைத் தாமே படமெடுப்பார் தம் மூக்குப் பெருத்துக் காதுகள் ஒடுங்கியது கண்டு வருந்துவதும் இதனாலேயே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். அரை மீட்டர்த் தொலைவினின்று எடுப்பின், மூக்கு காதினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகைப்பட்டுத் தோன்றும். 2 மீட்டர்த் தொலைவினின்று எடுப்பின் அம்மிகை நூற்றுக்கு ஆறே. குற்றம் லென்ஸினதன்று, தொலைவினதே. ஆண்டுதோறும் வகுப்பு மாணவரை வரிசையாக நிறுத்திக் குழுப்படம் எடுப்பவர் வெகுதூரம் பின்சென்று காமிராவை நிறுத்துவதன் காரணமும் இதுவே. முன்வரிசைக்கு 3 மீட்டரில் நின்றால், அதற்கு 2 மீட்டர் பின்னுள்ள கடைவரிசை முகங்கள் முன்வரிசை முகங்களில் ஐந்தில் மூன்று பங்காகச் சிறுத்துவிடும். 10 மீட்டரில் நின்றால் ஆறில் ஐந்து பங்காகும். கடைவரிசையில் நிற்பாரும் கல்லூரியின் மக்களே என்பதனைப் பின்சென்று நிற்பவர் மறவாதவர் ஆவர்.

இவ்வுண்மை வெறும் கணக்கன்று. உலக வழக்கில் நீதியோடும் தொடர்புடையது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி, மக்கள் ஒருவரையொருவர் விலகி நிற்குமாறு பணிக்கப்பட்டிருந்த காலை, கடற்கரைகளிலும் தெருக்களிலும் மக்கள் நெருங்கித் திரிவதாகக் காட்டும் படங்கள் பல நாடுகளில் வெளிவந்தன. அவற்றைக் கண்டோர் சினந்தனர். அப்பொழுது டென்மார்க்கு நாட்டில் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் என்னும் பட நிறுவனத்தின் படக்கலைஞர் இருவர் கோப்பனேகன் நகரில் ஒரே மக்கள் திரளை இருவேறு இடங்களில் நின்று இருவேறு லென்ஸுகளால் எடுத்துக் காட்டினர். தொலைவில் நின்று நீண்ட லென்ஸால் எடுத்த படத்தில் மக்கள் தோளோடு தோள் உரசி நின்றனர். அருகில் வேறு பக்கமாக நின்று குறுகிய லென்ஸால் எடுத்த படத்தில் அம்மக்களே இடைவெளி விட்டு ஒழுங்காக நின்றனர். இரண்டும் பொய்யல்ல, இரண்டிலும் எவரும் கைவைத்துத் திருத்தவில்லை. ஆயினும், ஒன்று அம்மக்களைக் குற்றவாளிகளாக்கிற்று, மற்றொன்று விடுவித்தது. குவியத்தூரம் பற்றி ஏதும் அறியாதார் இவ்விரண்டில் எதனைக் கண்டு தீர்ப்புக் கூறுவர்? படம் எடுப்பார்க்கு மட்டுமன்று, படம் பார்ப்பார்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலின் எம் கருத்து இஃது: இக்கலையிற் புகுவோர் முதல் ஓராண்டு முழுவதும் ஒரே குவியத்தூரத்தில் நின்று பழகுதல் வேண்டும், அஃது இயல்பான லென்ஸின் அளவாயிருத்தல் நலம். இதற்கெனப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. காமிராவோடு வரும் 18 முதல் 55 வரையுள்ள லென்ஸை 35 என்னும் குறியில் நிறுத்தி, வளையம் சுழலாதவாறு ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டாற் போதும். கைபேசியன்றி வேறில்லாதாரும் வருந்தற்க. அதன் முதன்மைக் காமிரா ஏறத்தாழ 24 முதல் 28 மில்லிமீட்டர் லென்ஸின் காட்சியைத் தருவது. அதனையே கொண்டு, இரு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்கும் வழக்கத்தை மட்டும் விட்டொழிக்க. அவ்வாறு விரித்தல் பெரும்பாலும் படத்தின் ஓரத்தை வெட்டுவதேயன்றிப் பிறிதொன்றன்று.

ஒரே அளவில் பழகுவார்க்கு உண்டாகும் பயன் யாது? சில திங்களில் காமிராவைக் கண்ணருகே கொணராமலே, நின்ற இடத்தினின்று எவ்வளவு அடங்கும் என்பதனைக் கண் அறிந்துவிடும். தச்சர் முழக்கோல் இன்றியே மரத்தின் அளவைக் கூறுமாறு போல்வது இது. பின்னர்ப் பெரிதாக வேண்டின் முன்செல்லவும், அடக்க வேண்டின் பின்செல்லவும் கால்கள் தாமே கற்கும். பிரெஞ்சு நாட்டு ஆன்றி கார்த்தியே-பிரெசோன் என்னும் பெருங்கலைஞர் தம் வாழ்நாளிற் பெரும்பாலும் லைக்காவில் 50 மில்லிமீட்டர் லென்ஸையே கையாண்டார். 1948 ஜனவரி 30-ஆம் நாள் காந்தியடிகளைச் சந்தித்துப் படமெடுத்தவரும், அன்று மாலையே நேர்ந்த கொடுமைக்குப் பின் துயருற்ற தில்லி மக்களைப் படமெடுத்தவரும் அவரே. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையிலும் அவர் இருந்தார். அத்தகைய பெருநிகழ்ச்சிகளுக்கு உரிய படங்களை அவருக்கு ஈட்டித் தந்தது லென்ஸுகளின் தொகை அன்று.

அவருக்கும் நெடுங்காலம் முற்பட, 1858-இல் சென்னை இராசதானியின் அரசாங்கப் படக்கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுக்களைப் படமாக்கினார். நீண்ட சுவரை ஒரே படத்துள் அடக்க முயலாது, காமிராவை இடம் பெயர்த்துப் பெயர்த்து 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்தார். நடந்து பெற்ற பயன் அது.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். குவியத்தூரத்தை வேண்டியவாறு மாற்றவல்ல லென்ஸ் நிழற்படக் காமிராக்களுக்கென 1959-ஆம் ஆண்டிலேயே சூமர் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்துவிட்டதே. அவ்வசதியை விடுத்துக் காலால் நடப்பது பேதைமையன்றோ என்பர். அவ்வசதியை யாம் பழியோம். முதல் ஓராண்டிற்கு மட்டுமே அது தீங்கென்கின்றோம். வளையத்தைச் சுழற்றினாற் பிம்பம் பெரிதாவது கண்ட தொடக்கத்தார், முன்செல்வதும் சுழற்றுவதும் ஒன்றே என்று கருதி, நின்ற இடத்திலேயே வேரூன்றிவிடுகின்றனர். அவை இரண்டும் ஒன்றல்ல என்பதே மேற்கூறிய கணக்கின் சாரம். அதனை உணர்ந்தபின் எந்த வளையத்தையும் சுழற்றுக. இனி, காட்டு விலங்கையும் பறவையையும் ஆடுகளத்தில் ஓடுவாரையும் எடுப்பார்க்கு நீண்ட லென்ஸ் வேண்டும் என்பதில் ஐயமில்லை. யானையின் அருகே நடந்து செல்க என்று எவர்க்கும் யாம் அறிவுரை கூறோம். அத்துறைக்கு உரியார் ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் அதனை வாங்குக. 200 மில்லிமீட்டர் லென்ஸிற்கு ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்கினும் விரைவாகக் கதவு திறந்து மூடாவிடின், கைநடுக்கமும் அவ்வளவிற்குப் பெரிதாகிப் படம் கலங்கும் என்பதனையும் அவர் நினைவிற் கொள்க.

இறுதியாக ஒன்று. தெருவில் உழைக்கும் எளிய மக்களைத் தொலைவில் மறைந்து நின்று நீண்ட லென்ஸால் எடுத்துச் செல்லும் வழக்கம் இளைஞரிடையே பெருகி வருகின்றது. செருப்புத் தைப்பாரும், சுமை தூக்குவாரும், வழியோரம் பூ விற்கும் முதியவளும் தம் முகம் பிறர் கையகப்பட்டதனை அறியார். ஆனால், 50 மில்லிமீட்டர் லென்ஸையுடையார்க்கு முகம் பெரிதாக வேண்டின், இரண்டு மீட்டருக்குள் சென்றாக வேண்டும். அத்துணை அருகிற் செல்வார் வாய்திறந்து ஒரு வணக்கம் கூறாமல் இயலாது, பெயர் கேட்பர், இசைவு பெறுவர், மறுக்கப்படின் நாணித் திரும்புவர். மறுக்கும் உரிமையை எதிரிலுள்ளார்க்கு அளிப்பது இச்சிறிய லென்ஸின் தலையாய நற்குணம் என்போம். விலையுயர்ந்த கருவி எதுவும் அந்நாகரிகத்தை நமக்குக் கற்பிப்பதில்லை.

ஆதலால், மாணவ நண்பர்களே, எண்களைக் கண்டு மயங்கற்க; எண்களைப் பெருக்கவும் முந்தற்க. ஒரு குவியத்தூரத்தைத் தேர்ந்து, ஓராண்டு அதனோடு நடமின். யாண்டு நிற்பது என்பதனை முதலிற் கற்பார்க்கு எந்த லென்ஸ் வேண்டும் என்பது தானே விளங்கும்.