டிரஸ்டி பேரு எழுதியாச்சு, அப்புறம்?

போன மாசம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. ராத்திரி பஸ் பிடிச்சு பெங்களூர்ல இருந்து மதுரை போய் இறங்கினா, ஆஸ்பத்திரி கட்டில்ல இருந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "தங்கச்சி டெபாசிட் ரசீதெல்லாம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது.

என் தங்கைக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. அவளுக்காக அப்பா ஒரு டிரஸ்ட் எழுதி வச்சிருக்கார். அவருக்குப் பிறகு டிரஸ்டி நான். பத்திரத்துல ஒரே ஒரு வரி. அதோட வேலை முடிஞ்சதுன்னு நானும் நினைச்சேன்.

பெங்களூர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். 1966ல அப்பா இறந்தப்போ அசிம் பிரேம்ஜி ஸ்டான்ஃபோர்டுல படிச்சிட்டிருந்தார். வயசு 21. படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்து விப்ரோவை எடுத்துக்கிட்டார். அவர் மகன் ரிஷாத் உள்ளே சேர்ந்தது 2007ல, சேர்மன் ஆனது 2019ல. நடுவுல 12 வருஷம். அப்பாவுக்குக் கிடைக்காத அவகாசம் மகனுக்குக் கிடைச்சது.

நம்ம டிரஸ்ட் சின்னது, ஆனா விஷயம் ஒண்ணுதான். 1882ஆம் வருஷ இந்திய டிரஸ்ட் சட்டப்படி பொறுப்பை ஏத்துக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஏத்துக்கிட்ட பிறகு நினைச்சபடி கழட்டிவிடவும் முடியாது. "சித்தப்பா பையன் ஊர்ல பார்த்துப்பான்"னு முழுசா ஒப்படைக்கவும் முடியாது. அதனால பேரு எழுதறதுக்கு முன்னாடி அந்த ஆளைக் கேக்கணும். எழுதின பிறகு பழக்கணும்.

இன்னொண்ணு, டிரஸ்டி பணத்துக்குத்தான். தங்கச்சிக்கு சட்டப்படி கார்டியன் வேணும்னா, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுகிட்ட தனியா விண்ணப்பிக்கணும். இது எனக்கு இப்பதான் தெரிஞ்சது!

இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் அப்பா போன்ல கணக்கு நோட்டைப் படிப்பார், நான் எழுதிக்கறேன். ஆடிட்டர், பேங்க் மேனேஜர் ரெண்டு பேர்கிட்டயும் அறிமுகம் ஆச்சு. எந்த டாக்டர் வந்தா அவ பயப்படமாட்டா, மாத்திரையை எதுல கலந்து தரணும், இதெல்லாம் எந்தப் பத்திரத்துலயும் இல்லை.

"இப்பவே இதைப் பேசணுமா, அபசகுனமா"ன்னு அம்மா முதல்ல கோபிச்சுக்கிட்டாங்க. ஆனா பேச ஆரம்பிச்சதுக்கப்புறம் அப்பா நல்லாத் தூங்கறார்னு அவங்களேதான் சொல்றாங்க.

தங்கச்சி என்னைவிட எட்டு வயசு சின்னவ. எனக்கப்புறம் யாருன்னு யோசிக்கணும். என் பொண்ணுக்குப் பதினெட்டு. அடுத்த ஞாயிறு அவளையும் போன் பக்கத்துல உக்கார வைக்கப் போறேன், முதல்ல அவளுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு.