குலை நோயும் நெற்பயிரின் தற்காப்பும்

பயிரில் வியாதி கண்டவுடன் மருந்துக் கடையை நாடுவது நம் குடியானவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மருந்தே கூடாதென்று நான் சொல்லவில்லை. பயிருக்கு இயற்கையில் அமைந்த தற்காப்பை நாமே கெடுத்துவிட்டு, பின்னர் மருந்துக்குப் பணம் செலவிடுவது விவேகமாகாது என்பதே என் அபிப்பிராயம். இதற்கு நெல்லின் குலை நோயே தக்க உதாரணம்.

கார்த்திகை, மார்கழியில் பனி இறங்குங்காலத்தில், இருமுனையும் கூர்ந்து, நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுங் கொண்ட புள்ளிகள் இலைகளில் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். கதிரின் கழுத்தைத் தாக்கினால், கழுத்துக் கறுத்து ஒடிந்து மணிகள் பதராகும். இதற்குக் காரணம் ஒருவகைப் பூசணம். காற்றில் வரும் அதன் வித்து பனிநீரில் முளைத்து, மோட்டார்ச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப்போல் முப்பது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்துடன் இலையைத் துளைக்கிறது.

பயிரும் வாளா இருப்பதில்லை. மண்ணிலுள்ள சிலிகா என்னும் மணற்சத்தை ஏராளமாக உறிஞ்சி, இலைத்தோலில் கவசம்போல் படியவைத்துக்கொள்கிறது. இக்கவசத்தையும் கடந்து பூசணம் நுழைந்தால், எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்களில் அவ்விடத்துச் செல்கள் உடனே தாமே மடிந்து அதை முன்னேறவொட்டாமல் தடுக்கின்றன. பூசணத்துக்கு நஞ்சான பொருள்களும் சுரக்கின்றன. குண்டூசித் தலையளவான புள்ளியோடு நோய் நின்றுவிடுகிறது.

இத்தற்காப்பை நாம் இரு வகையில் கெடுக்கிறோம். முதலாவது, யூரியாவை அளவுக்கு மிஞ்சி, அதுவும் ஒரே தடவையில் இடுவது. அண்டை வயலைவிட நம் வயல் கரும்பச்சையாயிருக்க வேண்டுமென்று போட்டியிடுகிறோம். தழைச்சத்து மிஞ்சினால் இலை மென்மையாகும், கவசம் மெலியும், பயிர் அடர்ந்து ஈரம் தங்கும். கரும்பச்சை செழிப்பின் அடையாளமன்று. பல வேளைகளில் நோய்க்கு விடுக்கும் அழைப்பேயாகும்.

இரண்டாவது, ஆயக்கட்டு முழுவதும் ஒரே ரகத்தை நடுவது. 1912ல் கோயமுத்தூரில் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 4 ரகம் குலை நோயைத் தாங்கியது. அதனை ஆடுதுறை 10 உடன் ஒட்டுச்சேர்த்துக் கோ 25 உண்டாக்கப்பட்டது. ஆயினும் எந்த ரகத்தின் எதிர்ப்புச் சக்தியும் சாசுவதமன்று. பூசணத்தின் ஏதேனும் ஓர் அடையாளத்தை அறிந்தே பயிர் விழித்தெழுகிறது. அவ்வடையாளம் மாறிய பூசணம் தோன்றிவிட்டால், அந்த ரகம் முழுவதும் அதற்கு இரையாகும். ஊரெங்கும் ஒரே பூட்டாயின், திருடனுக்கு ஒரே சாவி போதுமன்றோ?

ஆகையால் யூரியாவை மண் பரிசோதனைப்படி தவணைகளாகப் பிரித்து இடுக. நோய் கண்டால் அடுத்த தவணையை நிறுத்திவைக்க. சிலிகா நிறைந்த வைக்கோலையும் உமிச் சாம்பலையும் கூடியவரை வயலுக்கே திருப்புக. நோயுற்ற வயலின் வைக்கோலை மட்டும் விலக்குக. விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைத்தால், பயிரின் தற்காப்பு முன்கூட்டியே தூண்டப்படும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். நாற்று விடுமுன் குடியானவர்களைக் கூட்டி, எந்தப் பங்கில் எந்த ரகம் என்று பேசி, இரண்டு மூன்று ரகங்களாகப் பிரித்து நடச் செய்யுங்கள். வரப்புப் புற்களையும் ஒரே சமயத்தில் அகற்றச் செய்யுங்கள். ஒருவர் வயலில் பெருகிய பூசணம் ஊரார் வயலெங்கும் பரவும். எனவே பயிரின் எதிர்ப்புச் சக்தி ஏரியையும் வாய்க்காலையும் போன்ற ஊர்ப்பொதுச் சொத்து. அதனைக் காப்பதும் ஊராரின் பொதுக் கடமையே.