கடித்ததைச் சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள்



செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895-ல் மறைந்த நாள் அது. அவர் பெயரைத் தாங்கிய நிலையம் நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூரில் இருக்கிறது. 1902-ல் ஆங்கிலேய இளம்பெண் ஒருவர் இந்நோய்க்குப் பலியானார். அன்று இதற்கான சிகிச்சைக்கு இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போகவேண்டும். தெற்கிலிருந்து போய்ச் சேர்வதற்குள் நாள்கள் கரைந்துவிடும். அந்தச் சாவு எழுப்பிய கவலையாலும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையாலும் 1907-ல் குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது. 1899 முதலே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சமவெளியில் கடிபட்ட பலருக்கு நம் ஊர் ரயிலடி வழியாகத்தான் உயிர் திரும்பியது.

பின்னர் பல பத்தாண்டுகள் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தே புழக்கத்தில் இருந்தது. அதை வயிற்றில் நாள் தவறாமல் போடுவார்கள். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்று வீட்டுக்கு வீடு மிரட்டியது அதை வைத்துத்தான். அந்த மருந்து நம் நாட்டில் நின்று இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

காரமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பட்டிக்குக் காவலாக வளர்த்த நாய், மகனின் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டது. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் கழித்துத் தண்ணி வார்க்கும்போதுதான் பாட்டி பார்த்திருக்கிறார். "ஏஞ் சாமி, அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றதற்கு, "அப்பா அடிப்பாரு அம்மாயி, ஊசி வேற போடுவாங்க" என்றானாம். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பையன் நலமாக இருக்கிறான். எல்லா வீட்டிலும் பாட்டியின் கண்ணில் பட்டுவிடும் என்று சொல்ல முடியுமா? உலகில் இந்நோயால் இறப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சாவுகள் இந்தியாவில்தான் நேர்கின்றன.

நோயுள்ள நாயின் எச்சிலில் இருக்கும் வைரஸ், காயத்தின் வழியே நரம்பைப் பிடித்து மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு பிழைப்பவர் அரிதிலும் அரிது. அதற்கு முன்னால் முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களை மருத்துவம் அநேகமாக எப்போதும் காப்பாற்றிவிடுகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அவ்வளவுதான். அதைக் குழந்தையின் பயத்துக்குப் பறிகொடுக்கலாமா?

நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கையில் கடிகாரம் பார்த்தே கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு தவணை. எல்லாம் கையில்தான். ரத்தம் வந்த காயமென்றால், காயத்தைச் சுற்றியே போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள். நாள் கடந்துவிட்டாலும் போகத் தயங்காதீர்கள். கல்லாறு, பர்லியாறு பக்கம் குரங்கு பிராண்டினாலும் இதே கவனம் வேண்டும்.

தோட்டத்து நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுக்கொரு ஊசி போடுங்கள். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டாலே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். தெருநாய்களுக்கு ஊசி போட ஆள்கள் வந்தால் கூடவே நின்று உதவுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "நாய் கடிச்சா உடனே வந்து சொல்லு. யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்." சொன்ன வாக்கையும் காப்பாற்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்